எட்டு 2என்3055-உம் நான்கு ஐஆர்எஃப்3205-உம்: வீட்டில் கட்டும் இன்வெர்ட்டருக்கு எது?

போன மாதம் அக்கா மகன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றான். அவனுடைய அப்பாவழித் தாத்தா அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஆம்ப்ளிஃபயரும் அவரே பழுது பார்ப்பார். பெட்டிக்குள் மஞ்சளித்த நாளிதழில் பொதிந்து எட்டு 2என்3055 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. தொப்பி கவிழ்த்தது போன்ற உலோக உறை, கீழே இரண்டு கால்கள், இரு பக்கமும் திருகு போட ஓட்டை. ரேடியோ பழுது பார்த்த எவருக்கும் அதைக் கண்டால் கை பரபரக்கும்.

“இதை வைத்தே இன்வெர்ட்டர் கட்டிவிடலாமா மாமா? ஒன்றுக்கு 15 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. எட்டுக்கும் சேர்த்து 120. எனக்கு வேண்டியது 200 வாட்தானே?”

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அவன் பெருக்கிய அந்த 15 என்ற எண் எந்த நிலையில் அளந்தது என்று பார்க்கவேண்டும். கடையில் டிரான்சிஸ்டர் கேட்பவர்களில் பெரும்பாலோர் “எத்தனை ஆம்பியர்?” என்றுதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. ஓடும்போது அது எத்தனை வோல்ட்டைத் தனக்கென விழுங்கும் என்பது முதல் கேள்வி. மூடியிருக்கும்போது எத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்பது இரண்டாவது.

அவனுடைய தேவையை எழுதிக்கொண்டோம். பழைய கூரை மின்விசிறி ஒன்று 75 வாட். எல்இடி விளக்கு நான்கு 36 வாட். மடிக்கணினி 65, மோடம் 12. மொத்தம் 188, சுமார் 200 என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பழைய இரும்புக்கடையில் நல்ல சென்டர் டேப் (சுருளின் நடுவிலிருந்தும் கம்பி எடுத்த) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் பிடித்து வைத்திருந்தான்.

இந்த வகைச் சுற்றில் நடுக்கம்பி பாட்டரியின் பிளஸ்ஸுக்குப் போகும். இரு முனைகளும் ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் கூட்டத்தின் வழியாக மைனஸ்ஸைத் தொடும். ஒரு பக்கம் திறந்து மின்னோட்டத்தை விடும்போது மறுபக்கம் மூடியிருக்கும். நொடிக்கு 50 முறை இந்தச் சுழற்சி நடக்கும். ஆகவே எட்டு டிரான்சிஸ்டரில் எந்த நேரத்திலும் வேலை செய்வது நான்குதான். அவனுடைய 120 ஆம்பியர் அந்த இடத்திலேயே பாதியாகிவிட்டது.

வெளியே 200 வாட் போகவேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்மர் தின்னும் 25 வாட்டையும் சேர்த்துப் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். இந்த 20 ஆம்பியரை வைத்தே ஒவ்வொன்றையும் எடை போட்டோம்.

தாத்தாவின் தொப்பிகளை முதலில் பார்ப்போம். 2என்3055 அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். இன்னமும் உற்பத்தியில் இருக்கிறது. அவ்வளவு நாள் வாழ்ந்ததே அதற்கு நற்சான்று. ஆனால் 115 வாட் என்பது உறையின் சூடு 25 டிகிரியில் நிற்கும்போது. உள்ளே இருக்கும் சில்லு 200 டிகிரி வரை தாங்கும். சில்லுக்கும் உறைக்கும் நடுவே ஒவ்வொரு வாட்டுக்கும் 1.52 டிகிரி ஏறும். 175 டிகிரி இடைவெளியை 1.52-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 115. சித்திரை வெயிலில் நம் ஊர் அறையின் காற்றே 40 டிகிரி. அங்கே உறையை 25-இல் நிறுத்த, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு போதாது, பனிக்கட்டிதான் வைக்கவேண்டும்.

15 ஆம்பியர் கதை இன்னும் மோசம். இந்த டிரான்சிஸ்டரில் 4 ஆம்பியர் ஓடவேண்டுமென்றால் பேஸ் என்ற கட்டுப்பாட்டுக் காலில் 0.4 ஆம்பியர் கொடுக்கவேண்டும். அப்போது மின்னோட்டம் நுழையும் கலெக்டருக்கும் வெளியேறும் எமிட்டருக்கும் நடுவே அதிகபட்சம் 1.1 வோல்ட் விழும். 10 ஆம்பியர் ஓட்டப்போனால் அதன் பெருக்கும் திறன் குறைந்தபட்சம் ஐந்து மடங்கு என்று மட்டுமே தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் உறுதி தருகிறது. முழுதாகத் திறக்கப் பேஸுக்கு 3.3 ஆம்பியர் கேட்கிறது, அப்போதும் விழும் வோல்ட் 3 வரை போகிறது. 10 ஆம்பியர் ஓட 3.3 ஆம்பியர் கப்பம் கட்டுவது கூலியில் மூன்றில் ஒரு பங்கு லஞ்சமாகப் போகும் கதை. 15 ஆம்பியரில் என்ன ஆகும் என்று டேட்டாஷீட்டே நாகரிகமாகப் பேசாமல் விட்டுவிடுகிறது.

எனவே ஒன்றுக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஏற்றக்கூடாது. பக்கத்துக்கு நான்கு வைத்தால் 20 ஆம்பியர், அவன் தேவைக்குச் சரியாக வருகிறது. ஆனால் நான்கையும் சும்மா சேர்த்துக் கட்டிவிட முடியாது. இந்த வகை டிரான்சிஸ்டர் சூடேறினால் இன்னும் எளிதாகத் திறக்கும். டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் அதன் பேஸ் கேட்கும் வோல்ட் குறைந்துகொண்டே போகும். நான்கில் எது கொஞ்சம் கூடச் சூடாகிறதோ அது மற்ற மூன்றின் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும், மேலும் சூடாகும், மேலும் பிடுங்கும். முடிவில் அது வெந்து ஷார்ட் ஆகும், அடுத்தது அதன் பின்னாலேயே போகும். இதைத் தடுக்க ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுவது வழக்கம். 5 ஆம்பியரில் அது 0.5 வோல்ட்டைத் தின்னும்.

காகிதத்தில் கூட்டினோம். டிரான்சிஸ்டரில் 1.1, ரெசிஸ்டரில் 0.5, ஆக 1.6 வோல்ட். 20 ஆம்பியரால் பெருக்கினால் 32 வாட். நான்கு பேஸுக்கும் அரை ஆம்பியர் வீதம் 2 ஆம்பியர்; அதுவும் 12 வோல்ட் பாட்டரியிலிருந்துதான் வரவேண்டும், அது 24 வாட். மொத்தம் 56 வாட். வீட்டில் எதற்கும் பயன்படாமலேயே இன்னொரு மின்விசிறி ஓடும் அளவில் முக்கால் பங்கு சூடாகப் போய்விட்டது. நான்கு மணி நேர மின்தடையில் இது 224 வாட்-மணி. அவனுடைய 75 வாட் மின்விசிறியை மூன்று மணி நேரம் ஓட்டியிருக்கலாம்.

அதைவிட எனக்கு உறுத்தியது அந்த 1.6 வோல்ட். சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் கையில் இருப்பதே 12. அதில் 13 சதவீதம் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடும் முன்பே காணாமல் போகிறது. வெளியே 230 வரவேண்டிய இடத்தில் 200 வரும். மின்விசிறி சோம்பிச் சுற்றும். பாட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். இதே டிரான்சிஸ்டரை 48 வோல்ட் பாட்டரியில் வைத்தால் 1.6 ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அங்கே அதன் 60 வோல்ட் தாங்கும் திறன் போதாது. 12 வோல்ட் இன்வெர்ட்டருக்கு இந்த வகை பொருந்தாததன் காரணம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

டார்லிங்டன் வகையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். டிஐபி142 போன்றவை: 100 வோல்ட், 10 ஆம்பியர், உள்ளேயே இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கியிருப்பதால் பேஸுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். கப்பம் தொல்லை தீர்ந்தது. ஆனால் 5 ஆம்பியரில் 2 வோல்ட் விழுகிறது. 20 ஆம்பியருக்கு 40 வாட். கட்டுவது எளிது என்பதைத் தவிர இதற்குச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை இல்லை.

இனி மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர். தலைப்பில் உள்ள ஐஆர்எஃப்3205 இந்த வகைதான். இதில் பேஸ் இல்லை, கேட். கலெக்டர், எமிட்டர் இடத்தில் டிரெயின், சோர்ஸ். கேட்டுக்குள் மின்னோட்டம் நிலையாகப் போவதில்லை, நிரப்பி விட்டால் போதும். முழுதாகத் திறந்தால் இது ஒரு மிகச்சிறிய ரெசிஸ்டர்போல நடந்துகொள்ளும். ஐஆர்எஃப்3205-இன் அந்த ரெசிஸ்டர் மதிப்பு அதிகபட்சம் 8 மில்லி ஓம். தாங்கும் வோல்ட் 55. முதல் பக்கத்தில் 110 ஆம்பியர் என்று தடித்த எழுத்தில் இருக்கும். அக்கா மகன் அதைப் பார்த்ததும் கண் விரித்தான்.

அந்த 110 எங்கிருந்து வந்தது என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். சில்லு 175 டிகிரி வரை தாங்கும். உறை 25 டிகிரி. ஒவ்வொரு வாட்டுக்கும் 0.75 டிகிரி ஏறும். 150-ஐ 0.75-ஆல் வகுத்தால் 200 வாட். 175 டிகிரிச் சூட்டில் 8 மில்லி ஓம் சுமார் இரண்டு மடங்காகி 16 ஆகியிருக்கும். 200 வாட்டை 16 மில்லி ஓமால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 112. அவ்வளவுதான், கால்குலேட்டரில் பிறந்த எண் அது. அந்த உறையின் கால்களுக்கே 75 ஆம்பியர்தான் எல்லை என்று டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது. மெல்லிய மூன்று காலில் நான் தொடர்ந்து 20 ஆம்பியருக்கு மேல் விடுவதில்லை. கால்கள் சூடாகி ஈயம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர். ஓடும் சூட்டில் 8 மில்லி ஓம் ஒன்றரை மடங்காகி 12 ஆகும். விழும் வோல்ட் 0.12. 20 ஆம்பியரால் பெருக்கினால் 2.4 வாட். எட்டுத் தொப்பிகள் 56 வாட் தின்ற வேலையை நான்கு சின்ன வில்லைகள் இரண்டரை வாட்டுக்குள் முடித்துவிடுகின்றன. கைவிரல் அகல அலுமினியத் தகடு போதும்.

சூடேறினால் தடை கூடுகிறது என்பது இங்கே வரமாக மாறுகிறது. இரண்டில் ஒன்று அதிகம் சூடானால் அதன் தடை ஏறி மின்னோட்டம் தானாகவே மற்றதற்கு ஒதுங்கும். எமிட்டர் ரெசிஸ்டர் போன்ற முட்டுக்கொடுப்பு தேவையில்லை. 2என்3055 கூட்டணியில் வலியவன் எல்லாவற்றையும் தூக்கப்போய்ச் சாகிறான். மாஸ்ஃபெட் கூட்டணியில் களைத்தவன் கொஞ்சம் ஓரம் போய்விடுகிறான்.

ஐஆர்எஃப்இசட்44என் இதைவிட மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். 55 வோல்ட், 17.5 மில்லி ஓம். பக்கத்துக்கு இரண்டு வைத்தால் 5 வாட் சூடு. இதுவும் தாராளமாகப் போதும். 100 வாட்டுக்கு உட்பட்ட சின்ன இன்வெர்ட்டர் என்றால் நானே இதைத்தான் போடுவேன். ஆனால் 3205-க்கும் இதற்கும் விலை வேறுபாடு பாட்டரி விலைக்கு முன்னால் தூசு. 200 வாட்டுக்கு அந்தத் தூசை மிச்சப்படுத்துவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஐஆர்எஃப்540என் என்று ஒன்றை யாராவது எடுத்துக்கொடுத்தால், அது 100 வோல்ட் தாங்கும் என்பதற்காக 44 மில்லி ஓமைச் சுமக்கிறது. 12 வோல்ட்டில் அந்தச் சுமை வீண். மாஸ்ஃபெட்டில் தாங்கும் வோல்ட்டைக் கூட்டக்கூட ஓடும்போதைய தடையும் ஏறும் என்பதை மறக்கக்கூடாது. தேவைக்கு மேல் வோல்ட் வாங்குவது பாதுகாப்பு என்று தோன்றும். அந்தப் பாதுகாப்புக்கான வாடகை சூடாக வசூலாகும்.

அப்படியானால் தாங்கும் வோல்ட் எவ்வளவு இருந்தால் போதும்? இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பாட்டரி 12 வோல்ட்தானே, 30 வோல்ட் மாஸ்ஃபெட் போதாதா என்று நினைப்பார்கள். சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாதியில் 12 வோல்ட் ஏறும்போது மறுபாதியிலும் அதே 12 வோல்ட் தூண்டப்படுகிறது. மூடியிருக்கும் மாஸ்ஃபெட் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. சார்ஜரில் இருக்கும் பாட்டரி 14.4 வோல்ட் காட்டும். அதன் இரு மடங்கு 28.8. அதற்கு மேல், ஒவ்வொரு முறை மூடும்போதும் கம்பிச் சுருளில் தேங்கிய ஆற்றல் ஊசிபோல ஒரு துள்ளல் கொடுக்கும். ஆசிலோஸ்கோப்பில் அந்த ஊசி நாற்பதைத் தாண்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பி நீளமாக இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் தளர்வாகச் சுற்றியிருந்தால், இன்னும் உயரும். எனவே 12 வோல்ட் பாட்டரிக்கு 55 வோல்ட் மாஸ்ஃபெட் நிம்மதியான தேர்வு. சுருளின் குறுக்கே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராகப் போட்டுவிட்டால் ஊசியின் முனையும் மழுங்கும்.

இதே காரணத்தால் ஐஆர்எஃப்1404 இந்தச் சுற்றுக்கு வேண்டாம் என்றேன். 4 மில்லி ஓம் என்றதும் ஆசை வரும். ஆனால் அது தாங்குவது 40 வோல்ட் மட்டுமே, 28.8-க்கு மேல் ஊசிக்கு விடும் இடம் 11 வோல்ட். நான்கு மாஸ்ஃபெட்டை நாலு முனையில் வைக்கும் பாலச் சுற்றில் இதே 1404 அருமையாக உழைக்கும். ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றும் சுமப்பது பாட்டரியின் வோல்ட்டை மட்டுமே, இரு மடங்கு இல்லை. பதிலுக்கு மின்னோட்டம் எப்போதும் இரண்டு மாஸ்ஃபெட்டைக் கடந்து போகிறது, மேல் இரண்டின் கேட்டை ஓட்ட ஐஆர்2110 போன்ற தனிச் சில்லும் வேண்டும். சைன் அலை தரும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் அந்த வழிதான்.

24 வோல்ட் பாட்டரி வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சார்ஜில் 28.8, இரு மடங்கு 57.6. 55 வோல்ட் 3205 ஊசி வருவதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது. சென்டர் டேப் சுற்றில் 24 வோல்ட் என்றால் 100 வோல்ட் வகைக்குப் போகவேண்டும். 23 மில்லி ஓம் உள்ள ஐஆர்எஃப்3710, அல்லது கொஞ்சம் செலவு செய்தால் 4.5 மில்லி ஓம் உள்ள ஐஆர்எஃப்பி4110. 12 வோல்ட்டில் நன்றாக ஓடிய பலகையை அப்படியே 24-க்கு மாற்றி, பற்றியெரிந்த பின் மாஸ்ஃபெட்டைத் திட்டுபவர்கள் நிறைய.

ஐஜிபிடி என்ற உயர்வோல்ட் டிரான்சிஸ்டர் பற்றியும் கேட்டான், பெரிய சோலார் இன்வெர்ட்டர்களில் அதுதானே இருக்கிறது என்று. அதில் எவ்வளவு ஓடினாலும் ஏறத்தாழ 2 வோல்ட் விழும். 350, 400 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது டார்லிங்டனின் அண்ணன். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மாஸ்ஃபெட்டுக்கும் குறை உண்டு. அது கேட்டில் இருக்கிறது. 3205 இரண்டு முதல் நான்கு வோல்ட்டுக்குள் திறக்கத் தொடங்கும், ஆனால் 8 மில்லி ஓம் என்ற வாக்கு கேட்டில் 10 வோல்ட் இருந்தால்தான் செல்லும். மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டை நேராகக் கேட்டில் கொடுத்தால் அது பாதிதான் திறக்கும். பாதி திறந்த மாஸ்ஃபெட் இஸ்திரிப்பெட்டி. மறுபுறம் 20 வோல்ட்டைத் தாண்டினால் கேட்டின் கண்ணாடிப் படலம் ஓட்டையாகிவிடும். கேட்டுகளை மாறி மாறித் திறக்கும் அலையைத் தரும் சிடி4047 சில்லு, 12 வோல்ட் பாட்டரியில் ஓடும்போது, இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே அழகாக உட்காருகிறது. 10, 11-ஆம் கால்களில் எதிரெதிர் சதுர அலை சரிபாதியாக வரும், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருடன் 45 கிலோ ஓம் அளவில் ரெசிஸ்டர் வைத்தால் 50 ஹெர்ட்ஸ். நான் 39 கிலோ ஓமும் 10 கிலோ ஓம் பிரீசெட்டும் தொடராகப் போட்டுத் திருகிக்கொள்வேன்.

அந்தச் சின்னச் சில்லு இவ்வளவு பெரிய மாஸ்ஃபெட்டை ஓட்டுமா என்பது நியாயமான சந்தேகம். ஒரு 3205-இன் கேட்டை நிரப்ப 146 நானோ கூலோம் மின்னூட்டம் வேண்டும், இரண்டுக்கு ஏறத்தாழ 290. சில்லு 5 மில்லி ஆம்பியர் கொடுத்தால் நிரம்ப அறுபது மைக்ரோ நொடி ஆகும். 50 ஹெர்ட்ஸில் ஒரு பக்கத்தின் முறை 10,000 மைக்ரோ நொடி. அறுபது பெரிய விஷயமில்லை. பிசி547, பிசி557 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஜோடி ஒன்றைக் கேட்டுக்கு முன்னால் வைத்தால் அதுவும் சுருங்கிவிடும், நான் வைத்துவிடுவேன். ஆனால் இதே சில்லை வைத்து 20 கிலோஹெர்ட்ஸில் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் ஓட்டப் பார்த்தால் ஒரு முழுச் சுற்றே 50 மைக்ரோ நொடிதான். கேட் நிரம்புவதற்குள் அணைக்கும் நேரம் வந்துவிடும். அந்த வேகத்துக்கு எஸ்ஜி3525 போன்ற, வெளியே அரை ஆம்பியர் தள்ளக்கூடிய சில்லு வேண்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்காமல் நடுவே இடைவெளி விடும் வசதியும் அதில் உண்டு.

என் கையால் செய்த தவறு ஒன்றையும் அவனிடம் சொன்னேன். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அவசரமாக ஓர் இன்வெர்ட்டர் கட்டினேன். பெரிய கம்பிகளைப் பாட்டரியில் மாட்டினேன்; கட்டுப்பாட்டுப் பலகையின் சின்ன ஒயரை அப்புறம் செருகலாம் என்று விட்டுவிட்டேன். கேட்டுகள் நான்கும் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கின. ஒயரை எடுக்கக் கையை நீட்டியதுதான் தெரியும். டப்பென்று வெடித்து இரண்டு மாஸ்ஃபெட்டின் கறுப்பு உறை பிளந்து பறந்தது. அந்தரத்தில் இருக்கும் கேட் விரல் அருகில் வந்தாலே திறந்துகொள்ளும். ஒவ்வொரு கேட்டிலிருந்தும் சோர்ஸுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. இன்று அந்த ரெசிஸ்டரை மாஸ்ஃபெட்டின் காலிலேயே முதல் வேலையாக ஈயம் வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன். ஒவ்வொரு கேட்டுக்கும் தனியாக 22 ஓம் தொடர் ரெசிஸ்டரும் உண்டு. இரண்டு கேட்டை நேராக இணைத்தால் ஒன்றோடொன்று ஊசலாடும். பாட்டரிக் கம்பியில் 30 ஆம்பியர் ஃபியூஸ், பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில்.

இன்னொரு தற்காப்பும் மாஸ்ஃபெட்டுக்குச் சாதகம். மின்விசிறி போன்ற சுருள் உள்ள சுமைகள் வாங்கிய மின்னோட்டத்தைக் கொஞ்சம் திருப்பித் தள்ளும். மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே ஒரு டயோடு பிறவியிலேயே இருக்கிறது, அது அதை வாங்கிப் பாட்டரிக்கு அனுப்பிவிடும். தாத்தாவின் தொப்பிகளுக்கு அந்த டயோடை நாம் தனியாகக் கட்டவேண்டும்.

கடைசித் தலைவலி போலி. 3205 இருக்கும் அளவுக்கு அதன் போலிகளும் இருக்கின்றன. சின்னச் சில்லு உள்ள வேறொன்றின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் பெரிய எண்ணை அச்சடித்தவை. பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை ஒரு கடையில் பத்து வாங்கி வந்தேன். மேசையில் கார் முன்விளக்கு பல்பு ஒன்றை, 60 வாட், பாட்டரியோடு தொடராக மாட்டி, மாஸ்ஃபெட்டை மைனஸ் பக்கம் வைத்து, கேட்டைப் பாட்டரி பிளஸ்ஸோடு இணைத்தேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், 5 ஆம்பியர் ஓடும். மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட்டில் வைத்து அதன் இரு முனைகளையும் மாஸ்ஃபெட்டின் உறையை ஒட்டி, டிரெயின் காலிலும் சோர்ஸ் காலிலும் குத்தினேன். 8 மில்லி ஓமை 5 ஆம்பியரால் பெருக்கினால் 40 மில்லி வோல்ட், அதைத் தாண்டக்கூடாது. முதல் நான்கும் 31, 33, 31, 34. ஐந்தாவது 118. மீதி ஐந்தும் நூற்றுப் பத்துக்கு மேல். ஒரே பையில் இருந்து வந்தவை, ஒரே அச்சு, ஒரே பளபளப்பு. அந்த ஆறும் இன்வெர்ட்டரில் ஏறியிருந்தால் முதல் கோடையிலேயே போயிருக்கும். கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மாஸ்ஃபெட் வாங்கினால் திரும்பாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதாம். இப்போது தேவைக்கு இரண்டு கூடுதலாக வாங்கி, வாங்கிய அன்றே பல்பில் மாட்டிப் பார்த்துவிடுகிறேன்.

முன்பு ஒருமுறை சந்தேகத்துக்கு இடமான புது 2என்3055 ஒன்றின் தொப்பியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். பழைய நல்லதில் சில்லு விரல்நகத்தில் பாதி இருக்கும். இதில் எள்ளுருண்டையில் ஒட்டிய எள்போல ஒரு புள்ளி. தாத்தாவின் எட்டும் அசல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் வாங்கிய காலத்தில் போலி செய்வதில் லாபம் குறைவு.

பொருத்தும்போது ஒன்று. 3205-இன் முதுகுத் தகடு டிரெயினோடு ஒட்டியது, 2என்3055-இன் உறை கலெக்டரோடு ஒட்டியது. இரு பக்கத்தையும் ஒரே ஹீட்சிங்கில் நேராகத் திருகினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரு முனையும் சந்தித்துக்கொள்ளும். மைக்கா தாளும் திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் போடவேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்துக்கு ஒரு ஹீட்சிங்க் வைத்துக்கொள்ளலாம். சூடு இவ்வளவு குறைவாக இருக்கும்போது நான் இரண்டாவதையே செய்வேன், மைக்கா கிழிந்துவிட்டதா என்ற கவலை இல்லை. வெளியே வரும் 230 வோல்ட்டைப் பற்றி: பாட்டரியிலிருந்து வந்தாலும் அது ஆளைக் கொல்லும் அதே 230 வோல்ட்தான். தெருக் கம்பியை வீட்டிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைத்தால் தெருவில் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதரையும் சேர்த்துக் கொல்லும். அவனுக்கு ஒரு தனி பிளக் பாயின்ட் பலகையோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

ஆக, நான்கு ஐஆர்எஃப்3205 வாங்கினோம், கூடுதலாக இரண்டு. ஆறையும் பல்பில் மாட்டினோம், ஆறும் தேறின. அவனுடைய முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. தாத்தா வைத்துவிட்டுப் போன சாமான் எதற்கும் ஆகாதா என்ற வாட்டம்.

ஆகும். மாஸ்ஃபெட் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது. முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருக்கும் வேலைக்குப் பிறந்தது 3205. பாதி திறந்தபடி மணிக்கணக்கில் சூட்டைச் சுமக்கச் சொன்னால் சில்லின் ஓரிடத்தில் வெப்பம் குவிந்து போய்விடும். அந்தப் பாதி திறந்த வேலையே 2என்3055-இன் சொந்த ஊர். மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் விடிய விடிய அது செய்தது அதைத்தான். எனவே இரண்டு தொப்பிகளை எடுத்து, எல்எம்723 சில்லோடு சேர்த்து, வோல்ட்டையும் ஆம்பியரையும் திருகிக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை ஒன்றை இன்வெர்ட்டருக்கு முன்பாகவே கட்டினோம். பெரிய ஹீட்சிங்க், எமிட்டரில் அதே 0.1 ஓம்.

புது இன்வெர்ட்டரை நேராகப் பாட்டரியில் மாட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. முதல் உயிர் அந்தப் பவர் சப்ளையிலிருந்து, 12 வோல்ட், எல்லை 2 ஆம்பியர் என்று திருகி வைத்துக் கொடுத்தோம். அவன் ஒரு கேட் ஒயரை மாற்றி ஈயம் வைத்திருந்தான். ஒரு பக்கம் மட்டும் திறந்தபடி நின்றது. மீட்டர் 2 ஆம்பியரில் முட்டி நின்றது, டிரான்ஸ்ஃபார்மர் முனகவில்லை. எதுவும் வெடிக்கவில்லை. ஒயரைத் திருத்தி மறுபடி போட்டதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டது, மீட்டர் அரை ஆம்பியருக்கு இறங்கியது. ஹீட்சிங்கில் தாத்தாவின் இரண்டு தொப்பிகள் கை பொறுக்கும் சூட்டில் இருந்தன. மீதி ஆறையும் அவன் பழைய நாளிதழிலேயே பொதிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டான்.